கம்பி தாழ்ந்தால் குரல் உயரட்டும்!

ஆலைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பு அது. இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். நடுவே ஒரு சந்து. சென்ற மாதம் ஒரு மாலையில், சங்கத் தோழர் ஒருவரைக் காண நாம் அங்கே சென்றிருந்தோம். குனிந்துதான் வாசலை அடைய வேண்டியிருந்தது. வாசற்படி தாழ்வு என்று எண்ணிவிடாதீர்கள். வாசலுக்கு மேலே வந்த மின்கம்பி தாழ்வு! கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் நடுவிலே சரிந்து தொங்குகிறது. அது மேலும் சரிந்துவிடாமல், நுனியில் கவை வைத்த ஒரு சவுக்குக் கம்பு அதைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கம்பிலேயே ஒரு கொடியையும் இழுத்துக் கட்டி, ஈரத்துணி காய்கிறது.

"என்ன தோழரே இது?" என்று கேட்டோம்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்குது தோழர். மழைக்காலத்திலே கம்பு உளுத்துப் போகும். வேற கம்பு வெட்டி நட்டுடுவேன்" என்றார், ஏதோ வீட்டு ஓட்டை மாற்றுவது போல.

"மின்வாரியத்தில் சொன்னீர்களா?"

"சொல்லணும் சொல்லணும்னுதான் நினைக்கிறேன். ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ளே ஆபீஸ் மூடிடறாங்க."

இந்தத் தோழர் யார்? கோழையா? இல்லை. ஆலையிலே ஓர் எந்திரத்தின் பாதுகாப்பு மூடி உடைந்தால், அதை மாட்டும்வரை எந்திரத்தைத் தொடமாட்டேன் என்று மேஸ்திரியிடம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர். சக தொழிலாளியின் விரல் நசுங்கினால் நட்டஈடு வாங்காமல் வீடு திரும்பாதவர். அப்படிப்பட்டவர், தம் பிள்ளைகள் விளையாடும் வாசலிலே, சாவுக்கு முட்டுக் கொடுத்து இரண்டு ஆண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்!

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு சந்திலும் இப்படி ஒரு சவுக்குக் கம்பு நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆலைக்குள்ளே உரிமை என்று தெரிந்தது, வீட்டு வாசலில் விதி என்று ஆகிவிடுகிறது. ஆகவேதான் இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச முனைகிறோம்.

கம்பி ஏன் தாழ்கிறது?

மின்சாரம் நமக்குப் பகையல்ல. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் புனல் மின்சாரம் பிறந்தது. கோவையின் ஆலைகளைச் சுழற்றியது. பின்னர் கிணற்றடிக்கு வந்தது. குடிசைக்குள் விளக்காகவும் வந்தது. உழைப்பவன் வீட்டுப் பிள்ளை இரவில் படிக்கிறதென்றால் அந்த வெளிச்சத்தால்தான். அதனால் கம்பி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பி அதற்குரிய உயரத்தில் இருக்கட்டும் என்கிறோம்.

கம்பி தாழ்வதற்குக் காரணங்கள் பல. உலோகம் வெயிலில் நீளும். கோடையில் நண்பகலில் பாருங்கள், காலையில் இருந்ததைவிடக் கம்பி தொய்ந்திருக்கும். அலுமினியக் கம்பி ஆண்டுக்கணக்கில் இழுபட்டு இழுபட்டுத் தானாகவும் சற்று நீண்டுவிடும். மண் இளகினால் கம்பம் சாயும். கம்பத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை எவனோ வழிக்கு இடைஞ்சல் என்று அறுத்துவிட்டாலும் கம்பம் சாயும். மரக்கிளை முறிந்து மேலே விழும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்க வேண்டிய ஒரு கம்பம் இல்லாமற்போனால் தொய்வு ஒன்றுக்கு இரண்டாகாது, நான்காகும். இடைவெளி இரட்டித்தால், அதே இழுப்பில் தொய்வு நான்கு மடங்கு என்பது கணக்கு.

இன்னொரு கணக்கும் சொல்வோம். ஐம்பது மீட்டர் இடைவெளியில் ஒரு கம்பியை நேர்கோடாக இழுத்துக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தின் தலை உள்பக்கமாக ஐந்தே ஐந்து சென்டிமீட்டர் சாய்கிறது. இரண்டு விரற்கடை அளவுதான்! ஆனால் நடுவிலே கம்பி எவ்வளவு இறங்கும் தெரியுமா? ஏறத்தாழ ஒரு மீட்டர். மூன்று அடிக்கும் மேலே! கம்பம் 'கொஞ்சம்தானே சாய்ந்திருக்கிறது' என்று சொல்லும் தோழர்கள் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

இவை கம்பி இறங்கும் கதை. தரை ஏறும் கதையும் ஒன்று உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் சாலை போடுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை. அதன்மேல் இன்னொரு சாலை. வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன. மின்கம்பி கைக்கு எட்டுகிறது. கம்பி இறங்கவில்லை, சாலை ஏறிவிட்டது! சாலை போட்ட இலாகாவுக்குச் சாலை மட்டும் தெரியும். கம்பி இன்னொரு இலாகாவின் கவலை. இரண்டு இலாகாவுக்கும் நடுவே நிற்பது உங்கள் தலை.

தொடாதே என்பது எதனால்?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். தெருவில் செல்லும் இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். மின்மாற்றிக்கு வரும் உயர் அழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். சில மாவட்டங்களில் 22,000. மனிதனைச் சாய்க்க எவ்வளவு வேண்டும்? ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு நெஞ்சின் வழியே சில நொடி ஓடினாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் செலவாகும் மின்னோட்டத்தில் அது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவுதான் நம் உயிரின் விலை, மின்சாரத்தின் தராசிலே.

"தொட்டால் உதறிவிடலாம்" என்பவர்கள் உண்டு. உதற முடியாது. மின்சாரம் பாய்ந்தால் கைத்தசை இறுகி, பிடித்ததை இன்னும் இறுகப் பிடிக்கும். "மெயினை அணைத்துவிட்டுத் தொடலாமே" என்பவர்களும் உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சு, அதற்கு இந்தப் பக்கம் உள்ள வீட்டு வயரிங்கை மட்டுமே துண்டிக்கும். கம்பத்திலிருந்து மீட்டர்வரை வரும் சர்வீஸ் வயரில் மின்சாரம் அப்படியே இருக்கும். வீட்டிலே மின்கசிவுத் தடுப்புக் கருவி வைத்திருப்பது மிக நல்லது, வைக்காதவர்கள் வையுங்கள். ஆனால் அதுவும் மீட்டருக்கு வெளியே தொங்கும் கம்பியிடமிருந்து உங்களைக் காக்காது.

"மின்தடை நேரம்தானே" என்று கை வைப்பவரும் உண்டு. தடை எந்த நொடியிலும் நீங்கும். அடுத்த வீட்டார் முறையின்றி மாட்டிய ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ திருப்பி அனுப்பும் மின்சாரமும் அதே கம்பியில் வரலாம். ஆகவே வாரிய ஊழியர் துண்டித்து, எர்த் செய்து காட்டாத எந்தக் கம்பியும் உயிருள்ள கம்பிதான்.

சர்வீஸ் வயருக்குத்தான் மேலே ரப்பர் உறை இருக்கிறதே என்று கேட்கலாம். வெயிலில் வெடித்த உறை உறையல்ல. வயரைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கூடவே வருகிறதே, உறை வெடித்த இடத்தில் அந்த இரும்புக் கம்பிக்கும் மின்சாரம் ஏறும். அதைக் கட்டிய இரும்புக் குழாய்க்கும் ஏறும். அந்தக் குழாயிலே கட்டிய துணிக்கொடிக்கும் ஏறும். ஈரத்துணியை உதறிக் காயப்போடும் தாய் அறிவாளா, தன் கையில் இருப்பது கொடியா, கொள்ளியா என்று? துணிக்கொடியில் மாண்ட தாய்மார்களின் செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

ஆகவே தோழர்களே, இவற்றைச் செய்யாதீர்கள். தொங்கும் கம்பிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். மூங்கிலால் தள்ளாதீர்கள், பச்சை மூங்கிலும் நனைந்த மரமும் மின்சாரத்துக்கு வழிவிடும். கயிறு போட்டு இழுத்துக் கட்டாதீர்கள். கம்பிக்கு அருகில் உள்ள முருங்கையிலும் தென்னையிலும் புளியிலும் இரும்புத் துறட்டி போடாதீர்கள். மாடியிலே நின்று கட்டடக் கம்பியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஏணியை நிமிர்த்துமுன் அண்ணாந்து பாருங்கள். சர்வீஸ் குழாயிலும் ஸ்டே கம்பியிலும் துணிக்கொடியோ மாடோ ஆடோ கட்டாதீர்கள். உயரம் எவ்வளவு என்று அளக்கக்கூடக் கோலை நீட்டாதீர்கள்.

அறுந்து விழுந்தால்?

தொங்கும் கம்பி ஒருநாள் அறுந்து விழக்கூடும். விழுந்த கம்பியில் மின்சாரம் நின்றிருக்கும் என்பது பெரும் தவறு. ஏன் நிற்பதில்லை? மின்மாற்றியிலே பியூஸ் இருக்கிறதே? கணக்கைப் பாருங்கள். காய்ந்த மண் எளிதில் மின்சாரத்தை விடுவதில்லை. கம்பி விழுந்த இடத்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது பதினொன்றரை ஆம்பியர். ஒரு தெருவுக்கே மின்சாரம் தரும் பியூசுக்கு இது தூசு. அது உருகாது. கம்பி சத்தமில்லாமல், பொறியில்லாமல், பாம்பாகக் கிடக்கும்.

அதைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவியிருக்கும். கம்பிக்கு அருகில் அழுத்தம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக அகல வைத்தால், இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உடல் வழியே பாயும். மின்கம்பி விழுந்த வயலில் மனிதனுக்கு முன் மாடு சாவதை விவசாயத் தோழர்கள் அறிவார்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகமல்லவா!

ஆகவே விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே அருகில் அகப்பட்டுக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். வண்டியின்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். வண்டி தீப்பற்றினால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். இருபுறமும் ஆட்களை நிறுத்தி, பிள்ளைகளையும் மாடுகளையும் அண்டவிடாதீர்கள்.

ஒருவர் கம்பியில் அகப்பட்டுவிட்டார் என்றால், மனம் பதறும், கை நீளும். அந்தக் கையைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். காப்பாற்றப் போனவர் அடுத்த பிணமாவது நம் ஊர்களில் பழகிப்போன கொடுமை. தகப்பனைத் தொட்ட மகன், மகனைத் தொட்ட தாய் என்று ஒரே வீட்டில் பல உயிர் போவது இப்படித்தான். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி வாரியத்துக்குத் தகவல். உடனே 108க்குத் தகவல். மின்சாரம் நின்றது உறுதியான பிறகே தொட வேண்டும். மூச்சு இல்லையென்றால், நடுமார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, ஆம்புலன்சு வரும்வரை விடாமல் அழுத்துங்கள். மின்சாரம் நிறுத்திய இதயம் பல நேரம் மீண்டும் துடிக்கும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்களாவது இதைப் பழகியிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயரம் என்பது அதிகாரியின் கருணையல்ல; சட்டம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே அளவை வகுத்துவிட்டன. தெருவைக் குறுக்காகக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி, சர்வீஸ் கம்பி உட்பட, 5.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது 19 அடி. தெருவோடு நீளமாகச் சென்றால் 5.5 மீட்டர், 18 அடி. தெருவல்லாத மற்ற இடங்களில் உறையில்லாத கம்பி 4.6 மீட்டர், 15 அடி. உறையுள்ள கம்பி 4 மீட்டர், 13 அடி. வீட்டுக்கு மேலே செல்லும் உறையில்லாத தாழ்வழுத்தக் கம்பி, கூரையின் உச்சியிலிருந்து 2.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் சென்றால் 1.2 மீட்டர் விலகியிருக்க வேண்டும். 11,000 வோல்ட் கம்பியென்றால் மேலே 3.7 மீட்டர். அதன்பின் 2010லும் 2023லும் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இந்த வழியிலேயே அமைந்தவை.

அளப்பது எப்படி என்று கேட்பீர்கள். கண்ணால் அளக்கலாம். கம்பிக்கு நேர்கீழே நிற்காமல் நன்றாகத் தள்ளி வாருங்கள். கம்பி இருக்கும் அதே தூரத்தில் ஒரு வீட்டுக் கதவு இருக்கட்டும். கதவு ஏறத்தாழ 7 அடி. கையை நீட்டி ஒரு குச்சியைப் பிடித்து, கதவின் உயரம் குச்சியில் எவ்வளவு என்று விரலால் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து கம்பிவரை அந்த அளவு எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு தடவைகூட அடங்கவில்லையென்றால், 14 அடிகூட இல்லை என்று பொருள். தெருவானால் அது சட்ட மீறல், வாதமே வேண்டியதில்லை.

அறுந்த கம்பியால் உயிர் போனால் பொறுப்பு யாருக்கு? இதற்கும் விடை உண்டு. 1997 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிலாளி, வேலை முடிந்து இரவிலே சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மழைநீர் தேங்கிய சாலை. நீருக்குள் அறுந்து கிடந்த மின்கம்பி அவர் கண்ணில் படவில்லை. அங்கேயே மாண்டார். அந்த மாநில மின்வாரியம் என்ன சொல்லிற்று? மின்சாரம் திருட எவனோ ஒருவன் கொக்கி போட்டதால் வந்த விபத்து, எங்கள் பிழையல்ல என்றது. உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளை எடுத்துச் செல்பவர்களுக்கே அதைக் காத்து நிற்கும் பொறுப்பு. கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்வியே எழாது என்று தீர்ப்பளித்தது. கம்பி யாருடையதோ, கடமையும் அவருடையது. அந்தச் சைக்கிள்காரரின் விதவை நடத்திய வழக்கு, இந்த நாட்டின் ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் கிடைத்த கேடயம்.

ஆனால் நம் பக்கத்துக் கடமையும் சட்டத்தில் இருக்கிறது. முன்பே கம்பி செல்லும் இடத்தில் புது வீடு கட்டுவதானாலும், இருக்கும் வீட்டின்மேல் மாடி எழுப்புவதானாலும், முன்கூட்டியே எழுத்து மூலம் வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். கம்பியை மாற்றி அமைக்கும் செலவும் அவரைச் சாரும். கம்பிக்கடியில் மாடியை உயர்த்திவிட்டு, கம்பி தாழ்ந்துவிட்டது என்று கூவுவது நியாயமாகாது.

குரல் எழுப்பும் முறை

தொங்கும் கம்பியைக் கண்டால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். 94987 94987 என்பது 2021இல் தொடங்கிய மின்னகத்தின் எண். 1912 என்ற எண்ணும் உண்டு. ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அலுவலகம் மூடிவிடுகிறது என்ற நம் தோழரின் சாக்கு இனிச் செல்லாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிச் சுவரில் எழுதி வையுங்கள். பொறி பறந்தாலோ, கம்பி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தாலோ, "உடனே பியூசைப் பிடுங்குங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, கம்பிக்கடியில் யாரும் போகாதபடி முள்ளோ கயிறோ போட்டு மறியுங்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு. அதிலே கம்பத்தின்மேல் எழுதியிருக்கும் எண், மின்மாற்றியின் பெயர், தெரு, உங்கள் மின் இணைப்பு எண், கம்பி ஏறத்தாழ எத்தனை அடியில் தொங்குகிறது, அதன்கீழ் எத்தனை வீட்டார் நடக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் போகும் வழியா என்பனவெல்லாம் இருக்கட்டும். தள்ளி நின்று எடுத்த படம் ஒன்றையும் இணையுங்கள். தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டு, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். ஒருவன் மனு கொடுத்தால் புலம்பல். ஊரே கொடுத்தால் மகஜர்!

அதற்கும் அசைவில்லையென்றால் செயற்பொறியாளர். மாதந்தோறும் நடக்கும் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாள். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 42ஆம் பிரிவில், நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தையும் அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இத்தனை படிகள் இருக்கும்போது, சவுக்குக் கம்பைத் தேடிப் போவானேன்?

ஏறுகிறவனும் நம்மவன்

கம்பம் ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டப்போகிறவன் யார்? அவனும் ஒரு தொழிலாளி. வயர்மேனோ, கேங்மேனோ, நாட்கூலிக்கு அழைத்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியோ. லைன் கிளியர் வாங்காமல், எர்த் ராடு மாட்டாமல், கையுறையும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் அவனை ஏறச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். "அரைமணி நேரம் கரண்டை நிறுத்தினால் என்ன, ரெண்டு நாள் நிறுத்தினால் என்ன, எனக்கு டி.வி. ஓட வேண்டும்" என்று சண்டைக்குப் போகிறவர்கள், மேலே தொங்குவது ஒரு தாயின் பிள்ளை என்பதை நினைக்க வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினால், அது நமக்காக.

1957இல் மின்வாரியம் அமைந்தது. 2010இல் அதைப் பிரித்தார்கள். 2024இல் மீண்டும் பிரித்து, மின் பகிர்மானக் கழகம் என்று பெயரிட்டார்கள். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. சந்திலே தொங்கும் கம்பி மட்டும் மாறுவேனா என்கிறது! பலகையைக் காட்டிலும் களப்பணிக்கு ஆள் வேண்டும். காலியிடங்களை நிரப்பு, ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கு, சாலை போடும்போது கம்பியின் உயரத்தையும் அளந்து பார், பெருநகரின் வசதியான பகுதிகளில் மண்ணுக்கடியில் கேபிள் புதைக்கும் சர்க்கார், பாட்டாளியின் சந்துக்கு உறையிட்ட கட்டுக்கம்பியாவது கொடு! இவை மின் ஊழியரின் கோரிக்கைகள் மட்டுமல்ல, நம் கோரிக்கைகளும்கூட.

நம் வீட்டையும் பெருக்குவோம்

இவ்வளவும் பிறருக்குச் சொன்ன நாம், நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கொடியேற்று விழா என்கிறோம், மாநாடு என்கிறோம். இரவோடு இரவாக இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு இளந்தோழர்கள் ஓடுகிறார்கள். கடையில் விற்கும் குழாயின் நீளம் 20 அடி. தெருவைக் கடக்கும் கம்பிக்குச் சட்டம் சொல்லும் உயரம் 19 அடி. கணக்கு புரிகிறதா தோழர்களே? கம்பி சட்டப்படியே இருந்தால்கூட, நிமிர்த்தும் குழாய் அதைத் தொட்டுவிடும்! கொடி எந்த நிறமாயினும் மின்சாரம் நிறம் பார்ப்பதில்லை.

2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சையை அடுத்த களிமேட்டில், தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 உயிர்கள் போனதை நாடே பார்த்து அழுதது. ஊர்ப்பிள்ளைகளும் இருந்தார்கள் அந்தப் பதினொருவரில். தேரானாலும் கொடிமரமானாலும் பாடம் ஒன்றே: அண்ணாந்து பார்த்த பிறகே நிமிர்த்து. வழியைப் பகலில் நடந்து பார். வாரியத்துக்கு முன்கூட்டியே எழுது. மின்சாரத்தை நிறுத்தச் சொல். நிறுத்தாவிட்டால் கொடி ஒருநாள் தாழ்வாகவே பறக்கட்டும். தொண்டனின் உயிரைவிட உயரமான கொடிக்கம்பம் எந்த இயக்கத்துக்கும் தேவையில்லை.

ஆலைத் தோழரின் வாசலுக்குத் திரும்புவோம். அன்றிரவே சந்திலுள்ளவர்கள் கூடினார்கள். துணிக்கொடி வேறு சுவருக்குப் போயிற்று. வாசலை மறித்துக் கயிறு கட்டி, கொல்லை வழியாக நடமாடினார்கள். தொலைபேசியில் புகார், மறுநாள் மனு, பதினான்கு வீட்டுக் கையெழுத்து. மூன்றாம் நாள் ஊழியர்கள் வந்தார்கள். சந்து முனைக் கம்பத்தின் ஸ்டே கம்பி அறுந்து கிடப்பதைக் காட்டினார்கள். கம்பம் சாய்ந்தது அதனால்தான். மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்தை நிமிர்த்தி, வெடித்த வயரை மாற்றி, உயர்த்திக் கட்டினார்கள்.

சவுக்குக் கம்பை வெளியே எடுத்துப் போட்ட வயர்மேன், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இதை நடுறதுக்கு ரெண்டு வருஷத்திலே எத்தனை தடவை ஏணி போட்டிருப்பீங்க அண்ணே? ஒரு தடவை எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே!"

தோழர் நம்மிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஏணி போட்டபோதும் அவர் உயிரோடு இறங்கியது தற்செயல்தான் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவை ஒருமுறை அண்ணாந்து பார்த்து நடக்கட்டும். தாழ்ந்த கம்பி, சாய்ந்த கம்பம், அறுந்த ஸ்டே, கொடி கட்டிய சர்வீஸ் குழாய் — கண்டதைக் குறியுங்கள். திங்கட்கிழமை மகஜரோடு செல்லுங்கள். கம்பியை நோக்கி எந்தக் கையும் உயர வேண்டாம். அது சரியாகும்வரை எந்தக் குரலும் தாழ வேண்டாம்!